வைப்பாற்றங்கரையில் ஐந்து நாட்கள்

முதல் நாள்: வெம்பக்கோட்டை

ஐப்பசி பிறந்து ஒரு வாரம் ஆகியும் மழை இறங்காத நாளில், திருவில்லிபுத்தூரிலிருந்து புறப்பட்டுச் சிவகாசியில் பேருந்து மாறி, முற்பகலில் வெம்பக்கோட்டை வந்து சேர்ந்தேன். இந்த ஊரிலிருந்து வைப்பாறு மன்னார் வளைகுடாவில் சேரும் இடம் வரை, முடிந்த அளவு கரையை ஒட்டியே போய்ப் பார்ப்பது என்று திட்டம். என் பாட்டி சாத்தூருக்குக் கிழக்கே ஒரு கரிசல் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவர். அவர் பேச்சில் ஆறு ஓடியதே இல்லை. எப்போதும் “வந்தது”, பிறகு “போயிருச்சு”. அந்த இரண்டு சொற்களுக்கு இடையில் இருக்கும் நாட்களையே நம்பி ஒரு சீமை முழுவதும் எப்படி உழுது பிழைக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று பல ஆண்டுகளாக எனக்கு ஆசை.

வைப்பாறு என்பது ஓர் ஊற்றில் பிறந்து ஒரே கோடாக வரும் ஆறு அன்று. சிவகிரி, வாசுதேவநல்லூர், இராசபாளையம் பக்கத்து மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவுகளில் இறங்கும் நிட்சேப நதி, தேவியாறு, காயல்குடியாறு போன்ற சிற்றாறுகள் வழிவழியே சேர்ந்துதான் ஆறாகிறது. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதி மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்திலேயே பெய்து தீர்ந்துவிடுவதால், இந்தப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையையே நம்பியிருக்கிறது. ஆறு கடலில் சேரும் தூத்துக்குடி மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை சுமார் 650 மி.மீ. அதில் பெரும்பங்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களுக்குள் கொட்டிவிடும். ஆகவே இந்த ஆறு ஆண்டுக்குச் சில நாட்கள் பெருகும், சில வாரங்கள் கசியும், மற்ற மாதங்களில் மணலாகக் கிடக்கும். மேலிருந்து பார்ப்பவருக்கு அது செத்த ஆறு. அப்படித்தான் பலர் எழுதவும் செய்கிறார்கள். அது தவறு என்றே நான் நினைக்கிறேன்.

வெம்பக்கோட்டை அணையின் கரைமேல் ஏறி நின்றபோது, நீர்பிடிப்பின் பெரும்பகுதியில் புல் முளைத்து ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. நடுவில் ஒரு குட்டையளவு தண்ணீர், அதைச் சுற்றிக் கொக்குகள். மதகு மூடியிருந்தது.

பிற்பகலில் விஜயகரிசல்குளம் மேட்டுக்காட்டுக்குப் போனேன். வைப்பாற்றின் வடகரையில் உள்ள இந்த மேட்டில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2022 மார்ச்சில் அகழாய்வைத் தொடங்கி, அடுத்த ஆண்டுகளிலும் தொடர்ந்தது. நுண்கற்கருவிகள், சுடுமண் உருவங்கள், கண்ணாடி மணிகள், சூதுபவள மணிகள் என்று கிடைத்தவை பல. அவற்றில் என்னை நெடுநேரம் நிறுத்தியவை சங்கு வளையல் துண்டுகள்தாம். வளையல்கள் மட்டுமல்ல, வளையல் அறுத்தபின் எஞ்சிய சங்குத் துண்டுகளும் கிடைத்திருப்பதால், சங்கு முழுதாக இங்கே வந்து, இங்கேயே அறுக்கப்பட்டு, இங்கேயே அணியாகியிருக்கிறது. கடல் இங்கிருந்து நேர்கோட்டிலேயே 60 கி.மீ.க்கு மேல். அந்தச் சங்கு எந்த வழியாக வந்தது என்று நின்று யோசித்தேன். மழைக்காலம் போக மற்ற நாட்களில் காய்ந்த ஆற்றுமணலே தடமாகவும், அதைத் தோண்டினால் ஊறும் தண்ணீரே வழிநடைக்காரர்களுக்குக் குடிநீராகவும் இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். தண்ணீர் கீழே இறங்கும் வழியில் சங்கு மேலே ஏறியிருக்கிறது என்ற நினைப்போடு இரவு சாத்தூர் வந்து தங்கினேன்.

இரண்டாம் நாள்: சாத்தூர், இருக்கன்குடி

விடியற்காலையில் பாலத்துக்கு அடியில் ஆற்றுக்குள் இறங்கினேன். பாலத்திலிருந்து பார்த்தபோது வெறும் முள்ளும் மணலுமாகத் தெரிந்த இடத்தில், இறங்கிக் கால் மைல் நடந்ததும், ஒரு மூதாட்டி உட்கார்ந்து ஊற்றுத் தோண்டிக்கொண்டிருந்தார். இரண்டு முழ ஆழத்துக்குக் கையாலும் ஒரு தேங்காய்ச் சிரட்டையாலும் மணலை வாரி வெளியே போட்டிருந்தார். அடியில் கலங்கலாகக் கசிந்த தண்ணீரை முதலில் இறைத்துக் கொட்டினார். பிறகு மணல் படிந்து நீர் தெளியும் வரை பேசாமல் காத்திருந்தார். தெளிந்ததும் சிரட்டையால் மொண்டு குடத்தின் வாயில் கட்டிய துணி வழியே வடித்தார். ஒரு குடம் நிறைய முக்கால் மணி நேரம் ஆனது.

வீட்டில் குழாய் இல்லையா என்று கேட்டேன்.

“கொழாத் தண்ணி வருது தம்பி, பாத்திரம் கழுவ, துணி தொவைக்க அது போதும். பருப்பு வேகணும்னா இந்தத் தண்ணிதான் வேணும். நீங்க ஒரு மடக்குக் குடிச்சுப் பாருங்க.”

குடித்தேன். இளநீரின் சாயலில் ஓர் இனிப்பு நாவில் நின்றது. போன கார்த்திகையில் வந்த ஆறு இது. பதினோரு மாதமாக மணலுக்கடியில் வெயில் படாமல் இருந்திருக்கிறது. மேற்பரப்பில் தேங்கும் தண்ணீரை இந்தச் சீமையின் வெயில் குடித்துவிடும். பருமணலுக்குள் சில அடி ஆழத்தில் இருக்கும் தண்ணீரை வெயிலால் எட்ட முடியாது. மணல் என்பது இந்த ஆற்றின் கிடங்கு. அதனால்தான் மணல் அள்ளிய இடங்களைப் பார்த்தபோது மனம் பொறுக்கவில்லை. பாலத்துக்குக் கிழக்கே அடிக்களிமண் தெரியும் வரை வழித்தெடுத்த பள்ளங்கள் பல இருக்கின்றன. அங்கே ஊற்றுத் தோண்ட முடியாது. மழை வந்தால் பள்ளத்தில் தேங்கும், தை மாதத்துக்குள் வற்றிவிடும். “முன்னாடி முழங்கை முக்குனா தண்ணி. இப்ப ரெண்டு முழம். அந்தப் பக்கம் போனா மண்ணுதான் இருக்கு, தண்ணி ஏது?” என்று மூதாட்டி கை நீட்டிக் காட்டினார்.

சாத்தூர் என்றதும் காராச்சேவையும் தீப்பெட்டியையும் சொல்வார்கள். கோடையில் பேருந்து நிற்கும் இடமெல்லாம் கூடையோடு ஓடி வரும் வெள்ளரிப்பிஞ்சும் இந்த ஊரின் பெயரைச் சுமப்பதுதான். கரையில் டீக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, தம் தகப்பனார் ஆற்றுக்குள்ளேயே வெள்ளரி போட்டதைச் சொன்னார். ஆறு வடிந்ததும் மணலில் குழி வெட்டி, எருவும் கரம்பை என்னும் கண்மாய் வண்டலும் இட்டு, விதை ஊன்றி, வேர் கீழே ஈரத்தைத் தொடும் வரை மட்டும் ஊற்றுத் தண்ணீரைக் குடத்தில் சுமந்து ஊற்றுவார்களாம். அதன்பின் கொடி தானே பிழைத்துக்கொள்ளும். ஆறு “போன” பிறகு தொடங்கும் வேளாண்மை அது. இப்போது அவர் ஆற்றில் எதுவும் போடுவதில்லை. காரணத்தைக் கேட்க வேண்டியிருக்கவில்லை, பள்ளங்கள் கடையிலிருந்தே தெரிகின்றன.

பிற்பகல் இருக்கன்குடி. வத்திராயிருப்புப் பக்கத்து மலையிலிருந்து இறங்கும் அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேரும் இடத்துக்கு நடுவே மாரியம்மன் கோயில். இரண்டு கங்கை கூடும் குடி என்பதே ஊர்ப்பெயர் ஆயிற்று என்று சொல்கிறார்கள். வனவாசத்தில் தண்ணீர் கிடைக்காமல் அர்ச்சுனன் அம்பு எய்து நிலத்தைப் பிளந்து வரவழைத்ததே அந்த நதி என்று கதை. தண்ணீருக்குத் தவித்த நிலத்தில் பிறக்கக்கூடிய கதைதான். ஆற்றுக்குள் சாணம் பொறுக்க வந்த பெண்ணின் கூடை நகராமல் நின்ற இடத்தில் அம்மன் வெளிப்பட்டதாகத் தலவரலாறு. ஆடி கடைசி வெள்ளிக்குப் பல மாவட்டங்களிலிருந்தும் மக்கள் நடந்தே வந்து, காய்ந்த ஆற்றுமணலில் அடுப்பு மூட்டிப் பொங்கலிடுகிறார்கள். மணல் காய்ந்திருக்கும் மாதத்தில் ஆற்றையே முற்றமாக்கிக்கொண்ட திருவிழா இது.

கோயிலுக்குக் கீழே இரண்டு ஆறுகளையும் சேர்த்துத் தடுத்து நீர்த்தேக்கம் கட்டியிருக்கிறார்கள். இதற்கு மேலே அர்ச்சுனா நதியில் ஆனைக்குட்டமும் கோல்வார்பட்டியும், அதற்கும் மேலே மலையடியில் பிளவக்கல் அணைகளும், வைப்பாற்றில் வெம்பக்கோட்டையும் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் பங்கை நிறுத்திக்கொண்ட பிறகே கீழே விடும். மலையில் பெய்தது இவற்றைக் கடந்து விளாத்திகுளம் போய்ச் சேர, நல்ல மழை ஒன்று போதாது, அடுத்தடுத்து வேண்டும். தேக்கத்தில் இன்று தரை தெரிகிறது.

மூன்றாம் நாள்: விளாத்திகுளம் போகும் வழி

சாத்தூரைத் தாண்டிக் கிழக்கே போகப் போகச் செம்மண் மறைந்து, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கரிசல் ஒன்றே நின்றது. உழுது போட்ட கரிசல் புஞ்சையை ஐப்பசி வெயிலில் பார்ப்பது ஒரு தனி அனுபவம். மரம் இல்லை, வரப்புகூடச் சரியாகத் தெரியாது, கறுத்த மண்ணும் வானமும் மட்டும் இருக்கும்.

நாகலாபுரம் சாலையில் இறங்கி, ஒரு விவசாயியோடு அவர் புஞ்சைக்கு நடந்தேன். அவருக்கு எழுபது வயது இருக்கும். நான் ஐயா என்றே அழைத்தேன். “ஆடிப்பட்டம் தேடி விதை” என்ற பழமொழி இங்கே செல்லாது என்றார். இங்கே புரட்டாசிப் பட்டம். மழை வருவதற்கு முன்பே காய்ந்த புழுதியில் உளுந்தையும் பாசியையும் சோளத்தையும் பருத்தியையும் விதைத்துவிட வேண்டும். இதைப் புழுதி விதைப்பு என்கிறார்கள். மழை பெய்த பிறகு விதைக்கலாமே என்று தோன்றும். பெய்த கரிசலில் காலை வைத்தால்தான் அதற்குப் பதில் கிடைக்கும். ஈரம் பட்டதும் இந்த மண் பொங்கிப் பசையாகி, மாட்டையும் விடாது, டிராக்டரையும் விடாது. ஈரம் இறங்கி மண் இறுகும் வரை காத்திருந்தால் பருவம் பாதி போய்விடும். ஆகவே விதை முன்பே மண்ணுக்குள் போய்ப் படுத்து, மழையை எதிர்பார்த்துக் கிடக்கிறது.

இதில் உள்ள ஆபத்து பெரியது. முதல் மழை அரைகுறையாகப் பெய்தால் விதை முளைவிட்டு, அடுத்த மழை பிந்தினால் கருகிவிடும். பிறகு இரண்டாம் முறை விதை வாங்க வேண்டும், உழவுக்கும் கூலிக்கும் மறுபடி கடன் வாங்க வேண்டும். “ரெண்டு தரம் வெதச்சது உண்டு. ஒரு வருசம் மூணாந்தரமும் வெதச்சேன்” என்று ஐயா சொன்னபோது குரலில் எந்த மாற்றமும் இல்லை. மக்காச்சோளம் வந்த பிறகு பலரும் அதற்கு மாறினார்கள். 2018-இல் படைப்புழு வந்து குருத்தைத் தின்றதில் அந்த நம்பிக்கையும் ஆட்டம் கண்டது. இவர் இந்த ஆண்டு பாதியில் உளுந்தும் பாதியில் மக்காச்சோளமும் போட்டிருக்கிறார். ஓரத்தில் கொஞ்சம் குதிரைவாலி, வீட்டுக்கு. கொத்தமல்லிக்கும் மிளகாய் வத்தலுக்கும் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்.

கரிசலைப் பற்றிக் குறையாக மட்டும் சொல்லி விடக்கூடாது. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துப் பிளந்து கிடக்கும் இந்த மண், முதல் மழையை அந்த வெடிப்புகள் வழியாகவே ஆழத்துக்கு வாங்கிக்கொள்கிறது. பிறகு வெடிப்பை மூடி, வாங்கியதை விடாமல் வைத்துக்கொள்கிறது. மார்கழியில் மழை நின்ற பிறகும், மண்ணின் ஈரத்திலும் பனியிலுமே மல்லி பூத்துக் காய்த்துவிடும். ஆற்றுமணல் செய்யும் அதே வேலையைக் கரிசல் வேறு விதமாகச் செய்கிறது. இரண்டும் சேர்ந்துதான் ஒரு சில வார மழையை ஓர் ஆண்டுக்கு நீட்டித் தருகின்றன.

மத்தியானம் அவர் வீட்டில் கம்பங்கூழும், மோர்மிளகாயும், சீனியவரைக்காய் வத்தலும். சாப்பிடும்போது ஆற்றிணைப்பைப் பற்றிப் பேச்சு வந்தது. கேரளத்தின் பம்பை, அச்சன்கோவில் ஆறுகளின் மிகுநீரில் 634 மில்லியன் கனமீட்டரை மலைக்கு இப்பால் வைப்பாற்றுக்குத் திருப்பும் திட்டத்துக்கு, தேசிய நீர் மேம்பாட்டு முகமை 1995-இல் சாத்தியக்கூறு அறிக்கை தந்தது. தன் ஆறுகளில் மிகுநீரே இல்லை என்று கேரளம் மறுத்துவருகிறது. “எங்க அய்யா காலத்துலயும் இதச் சொன்னாக, எம் மகன் காலத்துலயும் சொல்லுதாக” என்றார். அந்தத் தண்ணீர் வந்தால் நல்லதுதான். ஆனால் வருகிற தண்ணீரைப் பிடித்துவைக்க ஆற்றில் மணலும், கண்மாயில் ஆழமும், வரத்துக்கால்களில் வழியும் இருக்க வேண்டும். அந்த வேலைக்கு எந்த மாநிலத்தின் ஒப்புதலும் தேவையில்லை.

நாலு மணிக்கு வாடைக்காற்று நின்றது. தென்மேற்கே வானம் கறுத்தது. ஐயா பேச்சை நிறுத்திவிட்டுத் திண்ணையில் போய் நின்றுகொண்டார். முதல் துளிகள் புழுதியில் விழுந்து உருண்டன. பிறகு ஒரு மணி நேரம் விடாமல் கொட்டியது. அவ்வளவு நேரமும் வீட்டில் ஒருவரும் எதுவும் பேசவில்லை. மழை விட்டதும் அவர் புஞ்சை ஓரம் வரை போய், ஒரு குச்சியை மண்ணில் குத்தி இழுத்துப் பார்த்தார். “ஒரு சாண் எறங்கியிருக்கு. மொளைக்கும்.”

திரும்பிச் சாலைக்கு வரும் இரண்டு பர்லாங்கைக் கடக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. ஒவ்வோர் அடிக்கும் காலோடு ஒரு பாளம் மண் வந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

நான்காம் நாள்: விளாத்திகுளம்

நேற்றைய மழையை ஆறு வாங்கியிருக்குமா என்று பார்க்கக் காலையிலேயே போனேன். பக்கத்து ஓடைகளிலிருந்து வந்த தண்ணீர், மணலின் நடுவே ஒரு பாய் அகலத்துக்குக் கரிசல் கலந்து கறுப்பாக நெளிந்து வந்து, நான் நின்ற இடத்துக்குச் சற்றுக் கீழே மணலுக்குள் இறங்கிவிட்டது. அதன் நுனியில் உலர்ந்த இலைகளும் நுரையும் ஒரு கோடாக ஒதுங்கியிருந்தன. நடந்து வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருவர் அந்த நுனியில் ஒரு குச்சியை நட்டுவிட்டுப் போனார்கள்; மாலையில் வந்து ஆறு குச்சியைத் தாண்டியிருக்கிறதா என்று பார்ப்பார்களாம்.

ஆற்றின் அகலத்தில் பாதியைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டிருக்கிறது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இந்த மரம், விறகுக்கும் வேலிக்கும் என்று பரப்பப்பட்டு, கண்மாய், வாய்க்கால், ஆறு என்று ஈரம் இருக்கும் இடமெல்லாம் வேர்விட்டது. 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதை அகற்ற உத்தரவிட்டபோது ஊர் ஊராக இயந்திரங்கள் இறங்கின. வேரோடு எடுக்காத இடங்களில் மறுபடி தழைத்துவிட்டது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஊருக்கு வெளியே கரிமூட்டம் போடும் இடத்தில் ஒரு தம்பதியரைச் சந்தித்தேன். முள்ளை வெட்டிக் கட்டைகளை நெருக்கமாக அடுக்கி, மேலே தழையும் வைக்கோலும் பரப்பி, மண்ணால் மெழுகி, நெருப்பு வைத்து, காற்றுத்துளைகளை நாள்தோறும் மாற்றி மாற்றித் திறந்து மூடி, கொழுந்துவிட்டு எரியாமலும் அணையாமலும் காக்க வேண்டும். எரிந்து ஆறக் கிட்டத்தட்ட ஒரு வாரம், மூட்டம் பெரிதானால் இன்னும் அதிகம். இரவில் ஒருவர் விழித்திருந்தே ஆக வேண்டும்; மண்பூச்சு வெடித்துக் காற்று உள்ளே போனால் கட்டை சாம்பலாகிவிடும். “மழ பெய்யலன்னா புஞ்சை சோறு போடாது. அந்த வருசம் இந்த முள்ளுதான் போடும்” என்றார் அந்த அம்மா. நேற்றைய மழையில் அவர்களுடைய மூட்டம் ஒன்று நனைந்து பாழாகிவிட்டது. புஞ்சைக்காரர் காத்திருந்த அதே மழை. முள்ளை ஆற்றிலிருந்து எடுத்தே தீர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எடுக்கும்போது இவர்களுக்கும் ஒரு வழி சொல்லாமல் எடுப்பது நியாயம் ஆகாது.

ஐந்தாம் நாள்: கீழவைப்பார்

விளாத்திகுளத்திலிருந்து குளத்தூர் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தாண்டி, வைப்பார் கிராமம் வந்து, அங்கிருந்து கடலோரம் போனேன். கரிசல் மெல்ல மங்கி உவர்மண்ணாகி, பனையும் உடைமரமும் உப்பளமும் வந்துவிட்டன. கீழவைப்பாரும் பக்கத்துச் சிப்பிகுளமும் மீனவர் ஊர்கள். இரண்டாவது ஊரின் பெயரிலேயே சிப்பி இருக்கிறது. இங்கிருந்து தெரியும் கடல், 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா. வெம்பக்கோட்டை மேட்டில் அறுபட்ட சங்குகள் வாழ்ந்த கடல் இதுதான். கரையில் அலை ஒதுக்கிய உடைசங்குத் துண்டு ஒன்றை எடுத்துப் பார்த்தேன். முதல் நாள் கண்டவற்றிலிருந்து அதை வேறுபடுத்திச் சொல்ல என்னால் முடியாது.

ஆறு கடலில் சேரும் இடத்தில் அது சேரவில்லை. கடலலை குவித்த மணல்திட்டு ஒன்று வாயை அடைத்துக் கிடந்தது. திட்டுக்கு உள்பக்கம் அசைவில்லாத நீர், வெளிப்பக்கம் அலை. வள்ளத்தைக் கரையேற்றி வலையைப் பிரித்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவரிடம் ஆற்றைப் பற்றிக் கேட்டேன். உழவர்தான் ஆற்றுக்காகக் காத்திருப்பார்கள் என்று நான் நினைத்துவந்ததை அவர் திருத்தினார். பெருவெள்ளம் வரும் ஆண்டில் ஆறு இந்தத் திட்டை ஓர் இரவில் உடைத்துக்கொண்டு பாயும். கடல் வெகுதூரம் வரை கலங்கி நிறம் மாறும். அந்தக் கலங்கலைத் தேடி இறாலும் மீன்குஞ்சும் கூடும். ஆறு வராத ஆண்டில் கரைக்கடலில் மீன்பாடு குறைவு.

“மேல மழையா?” என்று கேட்டார்.

விளாத்திகுளத்தில் நேற்றுக் கண்டதைச் சொன்னேன். பாய் அகலம் என்று கை விரித்துக் காட்டினேன்.

“அது இங்க வராது. மணல் குடிச்சிரும். குடிக்கட்டும், மொதல்ல அது குடிச்சாத்தான் பெறகு நமக்கு. இன்னும் மூணு மழ வேணும்” என்று சொல்லிவிட்டு வலைக்குத் திரும்பினார்.

நான் திட்டின் உள்பக்கம் போய் உட்கார்ந்து, சாத்தூரில் பார்த்தபடியே கையால் மணலை வாரினேன். ஒரு சாண் ஆழத்திலேயே நீர் கசிந்தது. கலங்கலை இறைத்துவிட்டு, தெளியும் வரை காத்திருந்து, உள்ளங்கையில் அள்ளி வாயில் வைத்தேன். உப்பு. அவர் அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“இப்ப அப்படித்தான் இருக்கும் தம்பி. ஆறு வந்து நாலு நாள் கழிச்சு வாங்க. இதே எடத்துல தோண்டிக் குடிச்சுப் பாருங்க.”